பிள்ளைக்குத் தெரிந்துபோன பின் நம்பர்: வீட்டின் ஆன்லைன் செலவை ஒழுங்குபடுத்தப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்ற ஆண்டு கோடை விடுமுறை முடியும் தறுவாயில் என் அக்கா வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கை இயந்திரத்தில் கொடுத்து வரவு செலவைப் பதிந்துகொண்டு வந்தார். வழக்கமாக அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் பதிவு அன்று மூன்று பக்கம் ஓடியிருந்தது. 80 ரூபாய், 80 ரூபாய், 159 ரூபாய், மறுபடியும் 80 ரூபாய் என்று ஒரே நாளில் ஆறேழு வரிகள் இருந்தன; ஐந்து வாரக் கணக்கைக் கூட்டியபோது 11,340 ரூபாய் போயிருந்தது. "யாரோ அக்கவுன்ட்ட ஹேக் பண்ணிட்டாங்கடா தம்பி" என்று பதறிப்போய் என்னை அழைத்தார். நான் போய்க் கைப்பேசியைத் திறந்து பார்த்தபோது, பணம் முழுவதும் ஒரு விளையாட்டுச் செயலிக்குள் துப்பாக்கிகளாகவும் சட்டைகளாகவும் மாறியிருந்தது. பன்னிரண்டு வயது மருமகன் கதவோரமாக நின்றுகொண்டிருந்தான். பின் நம்பர் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "அம்மாதான மாமா சொன்னாங்க" என்றான்.

அக்கா முதலில் மறுத்தார். பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார். மாவு அரைத்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் வந்து நிற்கும். "கை ஈரமா இருக்கு, நீயே போட்டு அனுப்பிடு" என்று நான்கு இலக்கங்களையும் அடுக்களையிலிருந்து உரக்கச் சொன்னவர் அவரேதான். நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. புதுக் கைப்பேசி வாங்கினால் அதைத் தயார்செய்து கொடுப்பதும், செயலியை இறக்கித் தருவதும், பாட்டிக்கு மின்கட்டணம் கட்டிக் கொடுப்பதும் பிள்ளைகளாக இருக்கும்போது, கடவுச்சொல்லை அவர்கள் திருடினார்கள் என்று சொல்வது அவ்வளவு நியாயமாக இராது. ஆனாலும் பணம் போவதைத் தடுத்தே ஆகவேண்டும். அக்கா வீட்டில் நாங்கள் செய்தவற்றையும், செய்யத் தவறிப் பிறகு கற்றுக்கொண்டவற்றையும், கைப்பேசி வழியாக வங்கிப் பணத்தை அனுப்பும் யுபிஐயும், செயலிகளை இறக்கும் பிளே ஸ்டோரும் அவ்வளவாகப் பழகாத பெற்றோருக்குப் புரியும்படி வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு

புதியவர்கள் பலருக்கும் கைப்பேசியில் இருக்கும் எண்கள் எல்லாம் ஒன்றாகவே தோன்றுகின்றன. வசதிக்காகச் சிலர் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வைத்தும் விடுகிறார்கள். உண்மையில் நான்கு வெவ்வேறு சாவிகள் இருக்கின்றன. முதலாவது, கைப்பேசியின் திரையைத் திறக்கும் எண் அல்லது பேட்டர்ன் (புள்ளிகளை இணைத்து வரையும் கோடு) அல்லது கைரேகை. இரண்டாவது, கூகுள் கணக்கின் கடவுச்சொல். பிளே ஸ்டோரில் வாங்குவதையும், பிள்ளையின் கைப்பேசிக்கு அனுமதி கொடுப்பதையும் இதுதான் தீர்மானிக்கிறது. மூன்றாவது, நான்கு அல்லது ஆறு இலக்க யுபிஐ பின். யுபிஐயில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பப் பெரும்பாலும் இதைத்தான் போட வேண்டும். நான்காவது, ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் பயன்படும் எண். இது நம் நினைவில் இருப்பதில்லை, சிம் இருக்கும் கைப்பேசிக்கு வருகிறது, ஆகவே கைப்பேசி யார் கையில் இருக்கிறதோ அவருக்கே கிடைக்கிறது.

இந்த நான்கில் யுபிஐ பின்னை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின் மறந்துவிட்டது என்று செயலியில் சொன்னால், டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்களையும் அது காலாவதியாகும் மாதம், ஆண்டையும் கேட்டு, ஓடிபி அனுப்பி, புதிய பின்னை அமைக்கவிடும். சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் சேர்த்துக் கேட்கும். ஆனால் அதையும் பிள்ளையை அனுப்பிப் பணம் எடுத்துவரச் சொன்ன வீடுகளில் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். கார்டு அலமாரியிலும் கைப்பேசி மேசையிலும் இருந்தால், பழைய பின் தெரியாமலேயே புதிய பின்னை உருவாக்க இரண்டு நிமிடம் போதும். எனவே நான்கு சாவிகளையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட வரிசையில். அந்த வரிசைக்குப் போவதற்குமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதல் படி: என்ன போயிருக்கிறது என்று பார்த்தல்

எதையும் மாற்றுவதற்குமுன், போன பணத்தின் முழுக் கணக்கையும் எடுத்துவிடுங்கள். குறுஞ்செய்திகளை மட்டும் நம்ப வேண்டாம். வங்கியிலிருந்து வரும் செய்தியை அழித்துவிடப் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். வங்கியின் ஸ்டேட்மென்ட்டையோ பாஸ்புக் பதிவையோதான் அடிப்படையாகக் கொள்ள வேண்டும். அதில் சந்தேகத்துக்குரிய வரிகளைக் குறித்துக்கொண்டு, பிளே ஸ்டோரில் வலது மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, பணம் செலுத்துதலும் சந்தாக்களும் என்ற பகுதிக்குள் போனால், வாங்கிய பொருள்களின் பட்டியல் நாள்வாரியாகக் கிடைக்கும். அதே பகுதியில் சந்தாக்களையும் தனியாகப் பாருங்கள். யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பெயரில் மற்றொரு பட்டியல் இருக்கும்; ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால் மாதாமாதம் பின் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் தொகைகள் அங்கேதான் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகக் கழியும் தொகை 15,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. ஆனால் கழிவதற்கு 24 மணி நேரத்துக்குமுன் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பையும் யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கணக்கைப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே எடுப்பது நல்லது என்பது என் கருத்து. அக்கா வீட்டில் அப்படித்தான் செய்தோம். ஒரு வரியைக் காட்டி இது என்ன என்று கேட்டால், அவன் தயக்கத்தோடு, "அது அந்த வாரம் மட்டும் வந்த ஸ்கின் மாமா, அப்புறம் கெடைக்காது" என்று விளக்குவான். ஸ்கின் என்பது விளையாட்டுக்குள் மாட்டும் உடை. அந்த விளக்கங்களிலிருந்து எனக்கு இரண்டு செய்திகள் தெரிந்தன. அவன் 80 ரூபாயை 80 ரூபாயாகப் பார்க்கவே இல்லை. விளையாட்டுக்குள் அது 100 வைரமாக மாறிவிடுகிறது, 37 வைரத்துக்குப் பொருள் வாங்கினால் மீதி 63 எதற்கும் போதாமல் நிற்கிறது, அதை நிரப்ப மறுபடி 80 ரூபாய். பணத்துக்கும் பொருளுக்கும் நடுவில் இன்னொரு நாணயத்தை வைப்பதே விலையை மறக்கடிக்கும் ஏற்பாடுதான். பெரியவர்களே அதில் தடுமாறுவார்கள். இரண்டாவதாக, 11,340 ரூபாயில் சுமார் 2,000 ரூபாய் அவனுக்காகச் செலவிட்டதே இல்லை. வகுப்பு நண்பர்கள் இரண்டு பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறான். அடித்து மிரட்டிக் கேட்டிருந்தால் இந்த இரண்டாவது செய்தி வெளியே வந்திருக்காது.

இரண்டாம் படி: திரும்பப் பெற முடியுமா

நேரம் முக்கியம் என்பதால் இதை உடனே செய்ய வேண்டும். பிளே ஸ்டோரில் வாங்கி 48 மணி நேரம் ஆகாதவற்றுக்கு, கூகுளின் பக்கத்திலேயே பணத்தைத் திருப்பித் தரும்படி விண்ணப்பிக்கலாம். காரணம் கேட்கும் இடத்தில், வீட்டிலுள்ள பிள்ளை என் அனுமதி இல்லாமல் வாங்கிவிட்டது என்று உள்ளதை உள்ளபடியே குறிப்பிடுங்கள். 48 மணி நேரம் தாண்டியவற்றுக்கு விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்துக்கு நேரடியாக எழுத வேண்டியிருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஆப்பிளின் ரிப்போர்ட் எ பிராப்ளம் என்ற பக்கத்தில் விண்ணப்பிக்கலாம். எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்: கணக்கு விவரத்தை வேறொருவரிடம் கொடுத்திருந்தாலோ, வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும் பாதுகாப்பை இயக்காமல் வைத்திருந்தாலோ வழக்கமாகப் பணம் திரும்பாது என்று கூகுளின் விதியே சொல்கிறது. எங்களுக்குக் கடைசி இரண்டு நாளில் வாங்கிய 398 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது.

வங்கியிடம் போய், "எனக்குத் தெரியாமல் யாரோ எடுத்துவிட்டார்கள்" என்று எழுதிக் கொடுக்கும்படி உறவினர்கள் ஆலோசனை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியின் மீதோ வாடிக்கையாளரின் மீதோ தவறில்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்கிறது. அதே சுற்றறிக்கை, பின் போன்ற விவரங்களைப் பகிர்ந்துகொண்டது முதலான கவனக்குறைவால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரையிலான இழப்பு வாடிக்கையாளரையே சேரும் என்றும் சொல்கிறது. பிள்ளையிடம் பின்னைச் சொன்னது இந்த இரண்டாவது வகை. பொய்ப் புகார் கொடுத்துவிட்டுக் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதில் எந்த லாபமும் இல்லை.

ஆனால் கணக்கைப் பார்க்கும்போது, விளையாட்டில் அறிமுகமான யாரோ ஒருவர் மலிவு விலையில் வைரம் தருவதாகச் சொல்லிப் பிள்ளையிடம் ஓடிபி வாங்கியதாகவோ, முன்பின் தெரியாத ஒருவரின் யுபிஐ முகவரிக்குப் பணம் போனதாகவோ தெரிந்தால், அது குழந்தைச் செலவு அல்ல, மோசடி. அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகாரைப் பதியலாம். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குமுன் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு உண்டு.

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர், அப்படிச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903இலேயே பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் ஆட்சிக்கால உச்ச முறையீட்டு மன்றம்) தீர்ப்பளித்துவிட்டது, ஆகவே பையன் வாங்கியது எதுவும் செல்லாது என்று வாதாடினார். வாதம் அழகாகத்தான் இருந்தது. கணக்கு அக்காவின் பெயரில் இருக்கிறது, அதில் அவர் வயதுதான் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது, 11,000 ரூபாய்க்காக யார் வழக்காடப் போவது? நிறுவனம் பதிலே சொல்லாமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றாம் படி: சாவிகளை மாற்றும் வரிசை

திரைப் பூட்டிலிருந்து தொடங்குங்கள். புதிய எண் பிறந்த ஆண்டாகவோ, வண்டி எண்ணாகவோ, வீட்டு எண்ணாகவோ இருக்கக் கூடாது. இவற்றையெல்லாம் பிள்ளை முதல் ஐந்து முயற்சிகளுக்குள் போட்டுப் பார்த்துவிடும். பேட்டர்ன் பூட்டைவிட ஆறு இலக்க எண் மேல். எண்ணெய்க் கையோடு பேட்டர்னை வரைந்தால் அந்தத் தடம் கண்ணாடியில் அப்படியே நிற்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். பிறகு அமைப்புகளுக்குள் போய், பதிவாகியிருக்கும் கைரேகைகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். அக்காவின் கைப்பேசியில் நான்கு கைரேகைகள் இருந்தன: ஒன்று அவருடையது, ஒன்று அத்தானுடையது, மற்ற இரண்டும் மருமகனின் இரண்டு கட்டைவிரல்கள். 2025 அக்டோபர் முதல், பின்னுக்குப் பதிலாகக் கைரேகையையோ முகத்தையோ காட்டி யுபிஐயில் பணம் அனுப்பும் வசதியும் வந்துவிட்டதால், இந்தப் பட்டியலில் இருக்கும் வேற்று விரல் முன்பைவிட ஆபத்தானது. சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்கள் விரலை மட்டும் புதிதாகப் பதியுங்கள்.

அடுத்து, பூட்டிய திரையிலேயே குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரிவதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் திரையைத் திறக்காமலேயே ஓடிபியைப் படித்துவிடலாம். அதன்பிறகு கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, அந்தக் கணக்கு வேறு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று பார்த்து, தெரியாதவற்றிலிருந்து வெளியேறுங்கள். பள்ளிப் பாடத்துக்காக வாங்கிய டேப்லட்டில் அம்மாவின் கணக்கு திறந்தபடியே இருக்கும் வீடுகள் நிறைய. டெபிட் கார்டைப் பூட்டி வைத்துவிட்டு ஏடிஎம் பின்னை மாற்றுங்கள். யுபிஐ பின்னைக் கடைசியாக மாற்றுங்கள். மற்ற சாவிகள் பழையபடி இருக்கையில் அதை முதலில் மாற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதைப் போன்றது.

புதிய எண்களைக் காலண்டரின் பின்பக்கத்திலும் அரிசி டப்பாவின் மூடியிலும் எழுதி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மறந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் ஒரு தாளில் எழுதி உறையிட்டு, நகை இருக்கும் இடத்தில் வையுங்கள். இனிமேல் கடையில் பின் போடும்போது மற்றொரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பது சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் அது தப்பான வழக்கம் அல்ல. ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டால், "இது பல் துலக்கும் பிரஷ் மாதிரி, ஆளுக்கு ஒண்ணு" என்று அக்கா சொல்லிவிடுகிறார்.

நான்காம் படி: பிளே ஸ்டோரும் குழந்தைக் கணக்கும்

பிளே ஸ்டோரின் அமைப்புகளில், வாங்கும்போது சரிபார்ப்பு எப்போது தேவை என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும், 30 நிமிடத்துக்கு ஒருமுறை, எப்போதும் வேண்டாம் என்பன அதில் பழகிப்போன தேர்வுகள். ஒவ்வொரு முறையும் என்பதைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள். இந்த நேர இடைவெளியால் அமெரிக்காவில் பெரிய சர்ச்சையே நடந்திருக்கிறது: பெற்றோர் ஒருமுறை கடவுச்சொல்லைப் போட்டுக் கொடுத்தபின் ஆப்பிள் கருவிகளில் 15 நிமிடமும், கூகுளில் 30 நிமிடமும் கதவு திறந்தே கிடந்ததால் குழந்தைகள் வாங்கித் தள்ளினார்கள் என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது, 2014இல் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரையும் கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரையும் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித்தர ஒப்புக்கொண்டன. இந்த அமைப்பு அந்தந்தக் கருவிக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், உங்கள் கணக்கு இருக்கும் ஒவ்வொரு கைப்பேசியிலும் டேப்லட்டிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

அதே இடத்தில் பிளே ஸ்டோரின் இருப்புத் தொகையையும் பாருங்கள். யுபிஐ வழியாகவோ பரிசுக் குறியீடு வழியாகவோ ஒருமுறை 500 ரூபாய் அங்கே ஏறிவிட்டால், அதிலிருந்து செலவழிக்க யுபிஐ பின் தேவைப்படாது. கடைகளில் காசு கொடுத்து இந்தக் குறியீடுகளை வாங்கிக்கொள்ளவும் முடியும். வீட்டில் சில்லறை குறைந்தால் அந்தப் பக்கமும் ஒரு பார்வை வையுங்கள்.

பிள்ளைக்குத் தனிக் கைப்பேசி இருந்தால், அதில் உங்கள் கூகுள் கணக்கை ஏற்றாதீர்கள். ஃபேமிலி லிங்க் என்ற கூகுளின் செயலியை உங்கள் கைப்பேசியில் நிறுவி, பிள்ளையின் பெயரில் உண்மையான பிறந்த தேதியோடு குழந்தைக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். வாங்க முற்பட்டால் உங்களிடம் அனுமதி கேட்கும்படி அதில் அமைக்கலாம். இதற்கு இரண்டு குறைகள் உண்டு. பிளே ஸ்டோரின் பணம் செலுத்தும் முறையில் வாங்குவதற்கு மட்டுமே அந்த அனுமதி கேட்கப்படும். விளையாட்டின் சொந்தத் தளத்திலோ இடைத்தரகர்களின் டாப்-அப் (வைரம் ஏற்றித்தரும்) தளங்களிலோ வாங்குவதை அது பார்க்காது. பிள்ளையின் கைப்பேசியிலேயே உங்கள் கடவுச்சொல்லைப் போட்டு அனுமதி கொடுத்தால், அதைப் பார்த்துக்கொள்ளும் கண்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. எனவே எப்போதும் உங்கள் கைப்பேசியிலிருந்தே அனுமதியுங்கள். ஐபோனில் ஆஸ்க் டு பை என்ற வசதி இதே வேலையைச் செய்கிறது. ஸ்கிரீன் டைம் பகுதிக்கு மட்டும் தனி ரகசிய எண் வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பூட்டுக்குப் பின்னால் இருக்கும் தொகையைக் குறைத்தல்

என்னைக் கேட்டால், இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட இந்தப் படியே பயனுள்ளது. பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரே வீட்டில் இருப்பவர் ஒருநாள் அதைத் திறக்கக் கற்றுக்கொள்வார். திறந்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. சம்பளமும் சேமிப்பும் நகைக்கடன் தவணையும் ஒரே கணக்கில் இருந்து, அதே கணக்கு யுபிஐயோடு இணைந்திருந்தால், ஒரு நாளில் ஒரு லட்சம் ரூபாய் வரை வெளியே போக வழி இருக்கிறது. வேறொரு வங்கியில் அல்லது தபால் துறையின் பேமென்ட்ஸ் வங்கியில் இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து, மாதத் தொடக்கத்தில் வீட்டுச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போட்டு, யுபிஐயை அந்தக் கணக்கோடு மட்டும் இணையுங்கள். முதல் கணக்கை யுபிஐ செயலியிலிருந்து நீக்கிவிடுங்கள். அக்கா இப்போது மாதம் 6,000 ரூபாய் மட்டும் அப்படி மாற்றுகிறார். மளிகை, காய்கறி, பால், ஆட்டோ எல்லாம் அதிலேயே அடங்கிவிடுகிறது. மாதக் கடைசியில் குறைந்தால் அது உடனே கண்ணில் படுகிறது.

யுபிஐ லைட் என்ற வசதியை நீங்கள் இயக்கியிருந்தால் அதையும் கவனியுங்கள். சில்லறைச் செலவை விரைவாக்குவதற்காகவே வந்த அந்த வசதியில் பின் கேட்பதில்லை. ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை, மொத்தம் 5,000 ரூபாய் இருப்பு வரை வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுக்கும் பழக்கம் உள்ள வீட்டில் அதை நிறுத்திவிடுவதே மேல், அல்லது 200 ரூபாய்க்குமேல் வைக்காமல் தானாக நிரம்பும் அமைப்பையாவது அணைத்துவிட வேண்டும். டெபிட், கிரெடிட் கார்டுகளில் ஆன்லைன் பயன்பாட்டைத் தேவையானபோது மட்டும் இயக்கிக்கொள்ளவும், அதற்கு உச்ச வரம்பு வைக்கவும் 2020 முதல் எல்லா வங்கிகளும் வசதி தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிச் செயலியில் கார்டுப் பகுதிக்குள் அது இருக்கும். கேஷ் ஆன் டெலிவரிக்கு எந்தக் கடவுச்சொல்லும் தேவையில்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். அதற்கு வாசலில் நிற்பவரிடம் வேண்டாம் என்று சொல்வது ஒன்றே வழி.

ஆறாம் படி: பிள்ளைக்கென்று ஒரு நேர்வழி

எல்லாக் கதவையும் சாத்திவிட்டு வேறெதுவும் செய்யாமல் விட்டால், பிள்ளை நண்பனின் கைப்பேசிக்குப் போகும். அதனால் அளவோடு செலவழிக்க முறையான வழி ஒன்றைத் திறந்துவைக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். வெளிப்படையாகச் சொன்னால், விளையாட்டுக்குள் சட்டை வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் அவன் வயதில் கிரிக்கெட் அட்டைக்காகச் சூயிங்கம் வாங்கித் தின்ற காசைக் கணக்குப் பார்த்தால் பேச வாய் வரவில்லை.

பத்து வயது நிரம்பிய சிறார் தாமே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. தொகை வரம்பை அந்தந்த வங்கி முடிவுசெய்யும். இருப்பு இல்லாமல் பணம் எடுக்க முடியாது என்பதால் இது பாதுகாப்பானது. 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் மற்றொரு வழி. அதில் உங்கள் கணக்கைப் பயன்படுத்த வீட்டில் இன்னொருவரைச் சேர்க்கலாம். அவர் பணம் செலுத்த முற்படும் ஒவ்வொரு முறையும் உங்களிடம் ஒப்புதல் கேட்கும்படியோ, மாதம் 15,000 ரூபாய்க்கு மேற்படாத ஒரு வரம்புக்குள் தானே செலுத்தும்படியோ அமைக்கலாம். பிள்ளைகளுக்கு முதல் முறையே பொருத்தம். உங்கள் பின்னைச் சொல்லாமலே, அவன் கடையில் நின்று கேட்பதையும் நீங்கள் அலுவலகத்திலிருந்து ஒப்புக்கொள்வதையும் இதில் செய்துகொள்ளலாம். எந்தச் செயலி, எந்த வங்கி, எத்தனை வயது என்பவற்றில் வேறுபாடு இருப்பதால் சேர்ப்பதற்குமுன் உங்கள் செயலியில் நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

கருவிகளைவிடப் பேச்சுவார்த்தைக்கே எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது. போன பணத்தை அவன் எப்படி ஈடுசெய்வது என்று கேட்டபோது, "டியூஷன் போறப்ப வாங்குற பப்ஸ் வேணாம் மாமா" என்று அவனே சொன்னான். அது வாரத்துக்கு 100 ரூபாய்கூட வராது. இருந்தாலும் ஒப்புக்கொண்டோம், ஆறு மாதம் என்று எல்லையும் வைத்தோம். விளையாட்டுக்கென மாதம் 100 ரூபாய், அதற்குமேல் பேச்சில்லை. கேட்டுவிட்டு வாங்க வேண்டும். நண்பனுக்கு வாங்கித்தரக் கூடாது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் எந்த விளையாட்டையும் தொடவே கூடாது என்பதைத் தனியாகச் சொன்னோம். அவற்றைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தாலும், அவற்றுக்கு ஆள்பிடிக்கும் இணைப்புகள் விளையாட்டுக் குழுக்களின் அரட்டையில் வரத்தான் செய்கின்றன. 500 போட்டால் 1,000 என்று யார் சொன்னாலும் வந்து காட்ட வேண்டும், காட்டினால் திட்டுவதில்லை என்று அக்கா வாக்குக் கொடுத்தார்.

தாத்தாவின் கைப்பேசி

இவ்வளவும் செய்துவிட்டு நாங்கள் கோட்டைவிட்ட இடம் ஒன்று உண்டு. மாடியில் இருக்கும் தாத்தாவின் கைப்பேசிக்குத் திரைப் பூட்டே இல்லை; ஓய்வூதியக் கணக்கு யுபிஐயோடு இணைந்திருந்தது; பின் நம்பரோ அவருடைய பிறந்த ஆண்டு. பேரன் கேட்டால் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அவர் செய்தித்தாள் படிக்கப் போய்விடுவார். அப்படி எதுவும் அங்கே நடக்கவில்லை என்பது எங்கள் நல்ல நேரம். மூத்தவர்களின் கைப்பேசியில் மேலே சொன்ன மூன்றாம், ஐந்தாம் படிகளை அவர்கள் சம்மதத்தோடு செய்துகொடுங்கள். வங்கியின் குறுஞ்செய்தி விழிப்பூட்டலோடு மின்னஞ்சல் விழிப்பூட்டலையும் சேர்த்து, அந்த மின்னஞ்சலை வீட்டில் ஒருவர் வாரம் ஒருமுறை பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். தாத்தாவிடம் நாங்கள் இதைப் பேரன் பெயரைச் சொல்லாமல், வங்கியில் சொன்னார்கள் என்று சொல்லித்தான் செய்தோம்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மருமகனும் ஸ்டேட்மென்ட்டை மேசையில் வைத்து வரிவரியாகப் படிக்கிறார்கள். அவன் படிக்க, அக்கா பேனாவால் டிக் போடுகிறார். மூன்றாவது மாதம் நான் போயிருந்தபோது, 149 ரூபாய் என்று ஒரு வரியில் அவன் நிறுத்தினான். அக்காவின் பார்வை அவன்மேல் போனது. "இது நான் இல்ல மாமா. அம்மா ஒரு சீரியல் பாக்கறதுக்காகப் போட்ட ஆப். சீரியல் முடிஞ்சே நாலு மாசம் ஆச்சு" என்றான். ஆட்டோபே பட்டியலைத் திறந்து அதை நிறுத்தும் இடத்தையும் அவனே காட்டினான். பின் கேட்டபோது மட்டும் கைப்பேசியை அக்காவிடம் நீட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.